கங்காணியின் நாற்காலி

"உட்காருங்கள்!"

ஒரே சொல். சொல்ல அரை நொடி ஆகாது. அந்த ஒரு சொல்லைக் கேட்பதற்காக, செய்யாற்றுக்கு அப்பால் ஏதோ ஒரு சிற்றூரிலிருந்து விடியுமுன் எழுந்து, இரண்டு பஸ் மாறி, சான்றிதழ்களை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தபடி, ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்பேட்டையிலே வந்து நிற்கிறாள் ஒரு பெண். பன்னிரண்டாம் வகுப்பு தேறியவள். தகப்பன் கட்டட வேலைக்குப் போகிறவன். அவள் எதிரே ஒரு மேஜை. மேஜைக்கு அப்பால் ஒரு நாற்காலி. நாற்காலியிலே ஓர் இளைஞன். கழுத்திலே அடையாள அட்டை, கையருகே கணிப்பொறி.

மேஜையின் அகலம் மூன்றடிதான். அந்த மூன்றடியைத் தாண்டினால் அந்தப் பெண்ணின் தம்பி படிப்பான். தாயின் நோய்க்கு மருந்து வரும். ஓலைக் குடிசை ஓட்டு வீடாகும். தாண்ட முடியாவிட்டால் மாலைப் பஸ்ஸிலே ஊர் திரும்ப வேண்டியதுதான்!

யார் அந்த இளைஞன்? முதலாளியின் மகனா? அல்ல. பங்குதாரனா? அல்ல. அவனும் மாதச் சம்பளக்காரன்தான். அவன் தகப்பனும் ஏர் பிடித்தவனாகவோ, தறி நெய்தவனாகவோ இருக்கக்கூடும். குடும்பத்திலே முதல் பட்டதாரி! 'எச்.ஆர்.' என்று இரண்டெழுத்திலே அழைக்கிறார்கள் அவனை; 'மனிதவள அதிகாரி' என்று தமிழிலே கூறுகிறோம். ஆயிரக்கணக்கான நம் வீட்டுப் பிள்ளைகள் இன்று அந்தப் படிப்பைப் படிக்கிறார்கள், அந்த நாற்காலிக்கு ஆசைப்படுகிறார்கள். ஆசைப்படட்டும், மகிழ்கிறோம். நேற்றுவரை வாயிற்படியிலே நின்றவன் பிள்ளை இன்று நாற்காலியிலே அமர்கிறான் என்றால், அது நாடு கண்ட மாறுதல். நாம் விரும்பிய மாறுதல்.

ஆனால், நாற்காலியில் அமர்ந்துவிட்டால் போதுமா? அது யாருடைய நாற்காலி, அதிலே முன்பு அமர்ந்திருந்தவன் யார், அமர்ந்து என்ன செய்தான், இவற்றை அறிய வேண்டாமா?

புது உத்தியோகம், அமெரிக்காக்காரன் தந்த உத்தியோகம் என்று எண்ணுவோர் எண்ணட்டும். நமக்குத் தெரியும் இதன் வமிசாவளி! இலங்கையின் தேயிலைத் தோட்டத்துக்கும் மலேயாவின் ரப்பர் தோட்டத்துக்கும் தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து ஆள் திரட்டிச் சென்றானே கங்காணி, அவன்தான் இந்த நாற்காலியின் முதல் சொந்தக்காரன். ஆள் எடுத்தவன் அவன். வழிச்செலவுக்கு முன்பணம் கொடுத்துக் கடனாளியாக்கியவன் அவன். தோட்டத்திலே நின்று வேலை வாங்கியவன் அவன். அன்றன்று வேலைக்கு வந்த தலைகளை எண்ணி, தலைக்கு இவ்வளவு என்று துரையிடம் காசு பெற்றவனும் அவனே. நம்மவன்தான், நம் ஊரான்தான். ஆனால் நின்றது துரையின் பக்கம்!

இலங்கையிலே 'துண்டு' என்று ஒரு முறை இருந்தது. துண்டு என்றால் தோளிலே போடுவதல்ல, கழுத்திலே மாட்டுவது! ஒரு தோட்டத்தை விட்டு மற்றொரு தோட்டத்துக்குத் தொழிலாளி போக வேண்டுமானால், 'இவர்களுடைய கடன் இவ்வளவு. கட்டுவோருக்கு ஆட்களை விடுகிறோம்' என்று எழுதித் தருவார்கள் ஒரு சீட்டு. அந்தச் சீட்டுக்குத்தான் துண்டு என்று பெயர். கடனோடு சேர்த்து மனிதனும் கைமாறினான். 1921இல் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள்.

ஒழிந்ததா? வேலைக்குச் சேருகிறபோதே அசல் சான்றிதழ்களை வாங்கிப் பெட்டியிலே பூட்டிக்கொண்டு, 'இரண்டாண்டு இருந்தால்தான் திருப்பித் தருவோம்' என்கிறார்களே சில இடங்களில், அது என்ன? 'இடையிலே போனால் பயிற்சிச் செலவைக் கட்டு' என்று பத்திரம் எழுதி வாங்குகிறார்களே, அது என்ன? துண்டு போயிற்று, துண்டின் தம்பி இருக்கிறான்! பூட்டுகிற சாவி யார் கையிலே? எச்.ஆர். கையிலே!

கங்காணி கடல் கடந்தான். உள்ளூரிலே மில் வந்தது. மில்லிலே மேஸ்திரி வந்தான். ஆளை எடுப்பதும் அவன், நீக்குவதும் அவன், லீவு முடிந்து வந்தவனைத் திரும்பச் சேர்ப்பதும் அவன். ஒவ்வொன்றுக்கும் கை நீட்டினான். அந்நாளைய சென்னையிலே, பக்கிங்காம் கர்நாட்டிக் மில் தொழிலாளர், குறையைச் சொல்ல ஒரு காது கிடைக்காமல் தவித்தனர். பகல் உணவுக்குத் தரப்பட்ட இடைவேளை போதவில்லை என்பது அவர்களது குறைகளுள் ஒன்று. சோறு தின்ன நேரம் வேண்டும்! அவ்வளவுதான் கேட்டார்கள். கேட்க ஆளில்லை. செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் முயன்றனர், வாடியா தலைமை ஏற்றார், திரு.வி.க. தோள் கொடுத்தார். 1918 ஏப்ரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. சங்கத்தை நசுக்க முதலாளிகள் நீதிமன்றம் போனார்கள். அந்த வழக்கு கிளப்பிய கொந்தளிப்பும் சேர்ந்துதான் 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்துக்கு வழி கோலிற்று.

இதிலுள்ள பாடத்தைக் கவனிக்க வேண்டும். பகல் சோற்றுக்குப் பத்து நிமிடம் கூடக் கொடுக்கலாமா என்று உட்கார்ந்து பேச ஓர் அதிகாரி அந்த மில்லிலே இருந்திருந்தால்? இல்லை! காது இல்லாத இடத்திலே கதவு தட்டப்படும். கதவும் திறக்காவிட்டால் வீதி நிரம்பும். வரலாறு வேறு வகையில் நடந்ததில்லை.

1929இல் வெள்ளை அரசு அமைத்த தொழிலாளர் ராயல் கமிஷன், 1931இல் தன் அறிக்கையைத் தந்தது. மேஸ்திரியின் கையிலிருந்து ஆளெடுக்கும் அதிகாரத்தைப் பிடுங்குங்கள், அதற்கென லேபர் ஆபீசர் ஒருவரை அமர்த்துங்கள் என்று அது கூறிற்று. பிறகு, 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், 49ஆம் பிரிவிலே, 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையிலே நல அதிகாரி கட்டாயம் என்றது. அச்சட்டத்தையொட்டி வகுக்கப்பட்ட மாதிரி விதிகள் இன்னொரு படி மேலே போயின: நல அதிகாரி, தொழிலாளிக்கு எதிரான ஒழுங்கு நடவடிக்கையிலே இறங்கக்கூடாது; தொழிலாளிக்கு எதிராக நிர்வாகத்தின் சார்பிலே நீதிமன்றத்தில் நிற்கக்கூடாது! சம்பளம் தருவது முதலாளி, ஆனால் தொழிலாளிமீது பாயக்கூடாது. எவ்வளவு நுட்பமான எண்ணம்! கங்காணியை அவனுடைய நாற்காலியிலிருந்து இறக்க, சட்டம் எடுத்த முயற்சி அது.

இந்த நாற்காலிக்கு இன்னொரு பரம்பரையும் உண்டு. அதை மறைப்பது நேர்மையல்ல. 1896இல் இங்கிலாந்தின் யார்க் நகரிலே, ரவுன்ட்ரீயின் கொக்கோ ஆலையில், மேரி உட் என்ற அம்மையார் நலப் பணியாளராக அமர்த்தப்பட்டார். ஆலையிலே வேலை செய்த பெண்களின் நலம் பேணுவது அவர் பணி. நோயுற்றவரை வீடு தேடிச் சென்று காண்பதும் அதிலே அடங்கும். 1913இல் அதே யார்க் நகரிலே கூடிய நலப் பணியாளர்கள் அமைத்த சங்கமே, இன்று இங்கிலாந்தில் மனிதவளத் துறையினருக்கென இருக்கும் பெரிய நிறுவனத்துக்கு மூலம். நம் நாட்டிலே 1936இல் பம்பாயில் டாட்டா பெயரால் சமூகப் பணிப் பள்ளி தோன்றிற்று. 1952இல் சென்னையிலே சமூகப் பணிப் பள்ளி தோன்றிற்று. கருத்தூன்றிப் பாருங்கள்: நல அதிகாரிக்கு வேண்டிய பயிற்சியைத் தந்தது சமூகப் பணிப் பள்ளி, வாணிபப் பள்ளி அல்ல!

ஆக, பாட்டனார் இருவர். ஒருவர் கங்காணி, தலையை எண்ணியவர். மற்றவர் யார்க் நகரத்து அம்மையார், முகத்தைப் பார்த்தவர். இன்றைய எச்.ஆர். யாருடைய பேரன்?

பெயர் மட்டும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. லேபர் ஆபீசர் என்றார்கள். பிறகு பெர்சனல் மானேஜர் என்றார்கள். இப்போது மனிதவளம் என்கிறார்கள். அமெரிக்காவிலே இத்துறையினரின் பெரிய சங்கம்கூட 1989இல்தான் பழைய பெயரைத் துறந்து 'மனிதவளம்' சூடிக்கொண்டது. நீர்வளம் என்கிறோம், நிலவளம் என்கிறோம், கனிவளம் என்கிறோம். அந்த வரிசையிலே மனிதவளம்! வளத்தை என்ன செய்வார்கள்? தோண்டுவார்கள், எடுப்பார்கள், தீர்ந்ததும் குழியை விட்டுவிட்டு வேறிடம் போவார்கள். நிலக்கரிக்குப் பசிக்காது. இரும்புக்குப் பிள்ளைகள் இல்லை. மனிதனுக்கு இரண்டும் உண்டே!

சரி, பெயர் கிடக்கட்டும். பணி என்ன? அதைச் சற்று விரித்துப் பார்ப்போம். ஏனெனில், 'எச்.ஆருக்கு என்ன வேலை, விண்ணப்பம் வாங்குவதும் பொங்கலுக்குக் கோலப்போட்டி நடத்துவதும்தானே' என்று கேலி பேசுவோர் உண்டு. கேலிக்குரிய பணியல்ல அது.

முதற் பணி, ஆளைத் தேர்ந்தெடுப்பது. வள்ளுவர் இதற்கென்றே 'தெரிந்து தெளிதல்', 'தெரிந்து வினையாடல்' என்று இரண்டு அதிகாரங்கள் வகுத்தார். ஆராய்ந்து தேர்ந்தெடு என்றார். ஊரைக் கேள், தெருவைக் கேள், பெயரின் வாலைக் கேள் என்று சொல்லவில்லை! பெண் வந்தால், 'கலியாணம் ஆகிவிட்டதா? பிள்ளை உண்டா?' என்று கேட்கிறார்கள். ஊதியத்திலும் ஆளெடுப்பிலும் ஆண், பெண் பேதம் கூடாது என்று 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் சொல்லிற்று. 2019ஆம் ஆண்டின் ஊதியத் தொகுப்புச் சட்டமும் சொல்கிறது. இப்போது இந்த வேலையைக் கணிப்பொறியிடம் தள்ளிவிடுகிறார்கள். அது நடுநிலையோடு பிரிக்குமாம்! அமேசான் நிறுவனம் அப்படி ஒரு பொறியைச் செய்து பார்த்தது. பெண்களின் விண்ணப்பங்களை அது கீழே தள்ளிற்று என்றும், அதனால் அது கைவிடப்பட்டது என்றும் 2018இல் செய்தி வந்தது. பழைய விண்ணப்பங்களைக் காட்டித்தானே அதைப் பழக்கினார்கள்? பழையவற்றில் பெரும்பாலும் ஆண்கள்! பழைய மேஸ்திரிக்காவது கண் இருந்தது. கெஞ்சினால் ஒருகால் இரங்குவான். புதிய மேஸ்திரிக்குக் கண்ணே இல்லை.

இரண்டாம் பணி, கூலியை ஒழுங்காகக் கணக்கிடுவது. சேம நிதிக்கு 12 விழுக்காடு பிடிக்கிறார்கள். காப்பீட்டுக்குத் தொழிலாளியிடம் 0.75, முதலாளியிடம் 3.25 விழுக்காடு. பிடித்ததை உரிய இடத்தில் கட்டினார்களா என்று பார்ப்பவன் இவன். வேலையை விட்டவனுக்கு வரவேண்டிய ஊதியத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் தீர்க்க வேண்டும் என்கிறது இன்றைய சட்டம். ஒரு நாள் தாமதம் அவனுக்குக் கோப்பிலே ஒரு வரி. அவளுக்கு அடுப்பிலே ஒரு வேளை!

மூன்றாம் பணி, குறை கேட்பது. 20 பேர் வேலை செய்தாலே குறை தீர்க்கும் குழு வேண்டும்; அதிலே தொழிலாளர் தரப்பும் நிர்வாகத் தரப்பும் சமமாக இருக்க வேண்டும்; 30 நாளிலே முடிவு சொல்ல வேண்டும். 10 பேர் உள்ள இடத்திலே, 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாலியல் தொல்லை பற்றிய புகாரை விசாரிக்க உள்ளகக் குழு வேண்டும். தலைமை ஒரு பெண்ணிடம், பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியார் ஒருவர், 90 நாளிலே விசாரணை முடிய வேண்டும். எத்தனை இடங்களிலே இக்குழுக்கள் சுவரிலே ஒட்டிய தாளாக மட்டும் இருக்கின்றன! தாளிலே இருக்கும் அம்மையாரின் பெயர், அந்த அம்மையாருக்கே தெரியாத இடங்களும் உண்டு.

நான்காம் பணி, தண்டிப்பது. கடினமான பணி. குற்றத்தை எழுத்திலே கொடு, பதில் சொல்ல வாய்ப்புக் கொடு, சாட்சியைக் குறுக்கே கேட்க விடு. இது சலுகை அல்ல, நீதி. குற்றம் சாட்டியவனே சாட்சியாகி, அவனே தீர்ப்பும் எழுதினால், அதற்கு விசாரணை என்று பெயரா? நாடகம் என்று பெயர்!

ஐந்தாம் பணி, வெளியே அனுப்புவது. இதிலேதான் கங்காணி முழு உருவோடு எழுந்து நிற்கிறான். ஆட்குறைப்புக்குச் சட்டம் உண்டு: முன்னறிவிப்பு உண்டு, ஆண்டொன்றுக்கு 15 நாள் ஊதியம் என்று ஈடு உண்டு. ஆகவே என்ன செய்கிறார்கள்? 'நீக்கவில்லை ஐயா, அவராகவே விலகினார்' என்கிறார்கள்! ஒரு சிறிய அறை, பூட்டிய கதவு, மேஜைமீது ஒரு தாள். "ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் நன்னடத்தைச் சான்று கிடைக்காது." இதைச் சொல்ல முதலாளி வருவதில்லை. சொல்லும் வாய், நம் வீட்டுப் பிள்ளையின் வாய்! 2025 ஜூலையிலே நாட்டின் மிகப் பெரிய மென்பொருள் நிறுவனம் ஏறத்தாழ 12,000 பேரைக் குறைக்கப் போவதாக அறிவித்தபோது, நாற்பதைத் தாண்டியவர்களும் வீட்டுக்கடன் சுமந்தவர்களும் உறக்கமின்றி அஞ்சியது எந்தத் தாளை? அந்தத் தாளைத்தான்!

பணி இவ்வளவு பெரிது. செய்ய விடுகிறார்களா? 2021 டிசம்பரை நாடு மறந்திருக்காது. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்திலே, ஐபோன் பூட்டும் ஆலையின் பெண் தொழிலாளர், விடுதியிலே உண்ட உணவால் நோயுற்றனர். 150 பேருக்கு மேல் மருத்துவமனையிலே சேர்க்கப்பட்டனர். உடனிருந்தவள் என்ன ஆனாள் என்று தோழிகள் கேட்டனர். நம்பத் தகுந்த பதில் வரவில்லை. செத்துப் போனார்கள் என்று வதந்தி பரவிற்று. நள்ளிரவிலே சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையிலே அமர்ந்துவிட்டனர் அந்தப் பெண்கள். விடுதியை நடத்தியது காண்ட்ராக்டர், ஆளை அனுப்பியதும் காண்ட்ராக்டர். 'எங்கள் ஆள் இல்லை' என்று ஒவ்வொருவரும் கை கழுவ வழி இருந்தது. பிறகு ஆலை மூடப்பட்டது. சமையற்கட்டும் படுக்கையறையும் சீர்செய்யப்படும் என்ற உறுதிக்குப் பின், 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. மறியலுக்கு முன்பே அதைச் செய்திருக்கலாகாதா? சமையற்கட்டை ஒரு நாள் எட்டிப் பார்ப்பது யாருடைய பணி? யார்க் நகரத்து அம்மையார் 1896இல் செய்த பணியல்லவா அது! 2024இலும் சுங்குவார்சத்திரத்திலே 37 நாள் வேலை நிறுத்தம். கேட்டதிலே முதன்மையானது, எங்கள் சங்கத்தை ஏற்றுக்கொள் என்பது. 1918இல் தட்டிய அதே கதவு!

இப்போது சட்டமும் மாறிவிட்டது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்துள்ளன. நல அதிகாரிக்கு 500 என்றிருந்த எண்ணிக்கையை 250 ஆக்கியுள்ளனர். நல்லதைச் சொல்லத் தயங்கமாட்டோம், வரவேற்கிறோம். எல்லாத் தொழிலாளிக்கும் நியமனக் கடிதம் தர வேண்டும் என்கிறார்கள், வரவேற்கிறோம். ஆனால், ஒரு கையாலே கொடுத்ததை மறு கையாலே எடுக்கிறார்களே! நிலையாணைகள் 100 பேர் உள்ள இடத்துக்கு என்றிருந்தது, 300 ஆக்கிவிட்டார்கள். ஆட்குறைப்புக்கும் மூடுவதற்கும் அரசின் முன் அனுமதி 100 பேர் இருந்தால் தேவை என்றிருந்தது; அதுவும் 300! அப்படியானால் 299 பேர் உள்ள ஆலையிலே என்ன நிலை? நலம் பேண அதிகாரி உண்டு. நடத்தை விதிக்கு நிலையாணை இல்லை. வீட்டுக்கு அனுப்ப அனுமதி கேட்க வேண்டியதில்லை. நல அதிகாரி என்ன செய்வார்? வாசல் வரை வந்து வழியனுப்பி வைப்பாரா?

நாம் கேட்பது அதிகமல்ல. ஒன்று: நல அதிகாரி என்ற பெயரை வேறொருவர் தலையிலே கூடுதலாகச் சூட்டாமல், அதற்கென்றே ஆளை அமர்த்த வேண்டும். இரண்டு: காண்ட்ராக்டர் மூலம் வந்தவரும் அவருடைய கண்காணிப்பிலே அடங்க வேண்டும்; விடுதியும் சமையற்கட்டும் அடங்க வேண்டும். மூன்று, முதன்மையானது: 'இது சட்டத்துக்கு விரோதம், கையெழுத்திட மாட்டேன்' என்று கூறும் அதிகாரியை, அதற்காகவே நீக்க முடியாதபடி காப்புத் தர வேண்டும், தொழிலாளர் துறை கேட்காமல் அவரை அசைக்கக்கூடாது. தொழிலாளிக்கு எதிராக அவரை நிறுத்தக்கூடாது என்ற பழைய நெறி, புதிய விதிகளிலும் நிலைபெற வேண்டும். பாதுகாப்பற்றவனிடம் போய் இன்னொருவனுக்குப் பாதுகாப்புத் தேடுவது எப்படி? அவன் வேலையே அந்தரத்திலே தொங்கினால், அடுத்தவள் வேலைக்காக அவன் எப்படி வாய் திறப்பான்?

முதலாளிமாருக்கும் ஒன்று சொல்வோம். இது உங்களுக்குப் பகையான யோசனை அல்ல. சமையற்கட்டை எட்டிப் பார்க்க ஓர் அதிகாரிக்கு அரை மணி போதும். பாராததால் ஆலையே பல நாள் மூடிக் கிடந்தது. கணக்கிலே வல்லவர்களாயிற்றே நீங்கள், போட்டுப் பாருங்கள்!

இனி, அந்த நாற்காலியில் அமரப்போகும் தம்பிக்கும் தங்கைக்கும் ஒரு சொல். படியுங்கள், சட்டத்தை வரி வரியாகப் படியுங்கள். கூலிக் கணக்கை உங்கள் வீட்டுக் கணக்குப் போலப் பாருங்கள். மாதம் ஒரு முறையாவது ஷிப்டு மாறும் நேரத்திலே வாயிலிலே நின்று முகங்களைப் பாருங்கள். கோப்பு சொல்லாததை முகம் சொல்லும். பூட்டிய அறையிலே ராஜினாமாத் தாளை நீட்டச் சொன்னால், ஒரு கணம் உங்கள் தகப்பனை எதிரே உட்கார வைத்து எண்ணிப் பாருங்கள். உங்களைக் கலகம் செய்யச் சொல்லவில்லை. சட்டத்திலே எழுதியிருப்பதைச் செய்யச் சொல்கிறோம். அதற்கே சில இடங்களில் துணிவு வேண்டியிருக்கிறது என்றால், வெட்கம் உங்களுடையதல்ல.

கடைகளிலே பொழுதெல்லாம் நிற்கும் பெண்களுக்கு உட்கார ஓர் இருக்கை தர, 2021இலே தமிழகச் சட்டமன்றம் ஒரு சட்டமே செய்ய வேண்டியிருந்தது. ஓர் இருக்கைக்கு ஒரு சட்டம்! நின்றவரை உட்கார வைப்பது அவ்வளவு எளிதல்ல இந்த நாட்டிலே.

இதோ, அந்தப் பெண் இன்னும் நிற்கிறாள். சான்றிதழ்களை நெஞ்சோடு அணைத்தபடி. மேஜைக்கு அப்பால் இருப்பவன் தலை நிமிர்கிறான். அவன் எண்ணப்போவது தலையையா, பார்க்கப்போவது முகத்தையா?

தம்பி, முதலிலே அவளை உட்காரச் சொல்!